பார்க்காமல் எழுதியது

படிவத்தை நிரப்ப எனக்கு எட்டு நிமிடம் ஆனது. அறுபது கேள்விகள். மற்றவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மருத்துவமனையின் கூட்ட அறையில், மதியம் ஒன்றரை மணிக்கு, காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் சந்திக்கும் நேரத்தில் உட்கார வைத்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு உளவியல் விரிவுரையாளர் வந்திருந்தார். செவிலியர்களின் இயல்பு எப்படி, மனவலிமை எவ்வளவு, வேலை அவர்களை எந்த அளவுக்குத் தின்றிருக்கிறது, இவற்றுக்குள் என்ன தொடர்பு என்பது அவருடைய ஆய்வு. பெயர் எழுத வேண்டாம் என்றார். தலைமைச் செவிலியரான மேட்ரன் எழுந்து, பணியாளர் எண்ணை மட்டும் எழுதச் சொன்னார். விரிவுரையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேட்ரனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

என் பக்கத்தில் இருந்த சிஸ்டர் கையைத் தூக்கினார்.

"மேடம், 'சில நேரம்'னு ஒரு கட்டம் இருக்கு. 'பல நேரம்'னு ஒரு கட்டம் இருக்கு. நடுவுல ஒண்ணு இல்லையா?"

"இல்லைங்க. ரெண்டுல ஒண்ணு போடுங்க" என்றார் விரிவுரையாளர்.

"அப்ப நான் குடியிருக்கற இடத்தை விட்டுட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். பிறகு குனிந்து, ரப்பரால் அழித்து அழித்து எழுதினார்.

வார்டில் அவருக்குக் குழாய் என்று பெயர். சட்டென்று அழுதுவிடுவார். நோயாளி இறந்தால் அழுவார், பிழைத்து வீட்டுக்குப் போனாலும் அழுவார். ஒருமுறை ஒரு நோயாளியின் மனைவி, "நீங்க அழறதைப் பாத்தா எனக்கு பயமா இருக்கு சிஸ்டர், டாக்டர் என்கிட்ட சொல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அது புகாராக மேட்ரன் வரை போனது. நானும் அவரைக் குழாய் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே சிஸ்டர் என்றே எழுதுகிறேன்.

எனக்கு அறுபது கேள்விகளும் ஒரு பொருட்டாக இல்லை. நர்சிங் பட்டப்படிப்பில் உளவியல் ஒரு பாடம். எந்தக் கட்டத்தில் குறி போட்டால் யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள் என்று தெரியும். 'காரணமில்லாமல் அழத் தோன்றுகிறது': ஒருபோதும் இல்லை. 'நோயாளிகளைப் பொருட்கள்போல் நடத்துகிறேன்': ஒருபோதும் இல்லை. 'பெரிய இழப்புகளிலிருந்து மீண்டுவிடுகிறேன்': எப்போதும். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்போது என் மனைவி இறந்து எட்டு மாதம்.

எங்களுடையது பொது மருத்துவ வார்டு. இருபத்து நான்கு படுக்கைகள். மதிய ஷிப்டில், இரண்டிலிருந்து எட்டு வரை, நானும் சிஸ்டரும் மட்டும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை என் பக்கம், மீதி அவர் பக்கம். அவர் தன் பக்கத்தை முடித்துவிட்டு என் பக்கமும் வந்து ஒவ்வொரு நோயாளியிடமும் பேச்சுக் கொடுப்பார். சும்மா இருக்கத் தெரியாத பெண் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் எதையும் நினைக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

படிவம் நிரப்பிய மறு வாரம் ஒன்பதாம் படுக்கைக்கு ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு. மறுநாள் காலை வரை மணிக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். உள்ளே ரத்தம் கசிகிறவருக்கு அழுத்தம் இறங்குவதுதான் முதல் எச்சரிக்கை. முதலாம் ஆண்டு மாணவிக்கும் இது தெரியும்.

மூன்று மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன். அவருடைய சார்ட்டில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு மணிக்கான நான்கு கட்டங்களையும் ஒன்றாக நிரப்பினேன். படுக்கை என்னிடமிருந்து பத்தடி தூரம். எழுந்து போகவில்லை. நூற்றிருபது, எண்பது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தெட்டு. ஒரே எண்ணை எழுதினால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சம் மாற்றினேன். அந்த அளவுக்கு மட்டும் கவனம் இருந்தது.

சோம்பல் இல்லை. வேலை அதிகம் என்றும் சொல்ல மாட்டேன். மருந்து, ஊசி, சொட்டு மருந்துப் பை எல்லாம் நேரத்துக்குப் போயின. கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் கேட்டுக்கொண்டு நிற்பது மட்டும் நின்று போயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியாது. முதல் தடவை என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். நினைவில்லை.

ஐந்து இருபதுக்கு சிஸ்டரின் குரல் கேட்டது.

"என்ன அண்ணே, பேச்சையே காணோம்? காலைல இந்தத் தலகாணி எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிருக்கணும்னு சொன்னீங்களாம். இப்ப என்ன ஆச்சு?"

பதில் வரவில்லை. பிறகு, "பிரதர், ஓடி வாங்க" என்றார்.

டிரைவரின் நெற்றி வியர்த்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. சிஸ்டர் ஏற்கெனவே பட்டையைச் சுற்றியிருந்தார். எண்பது, ஐம்பது. நாடி நூற்று முப்பதுக்கு மேல். நான் கால் பக்கத்தை உயர்த்தினேன், மறு கையிலும் சொட்டு மருந்துக்கு ஊசி குத்தினேன், ரத்த வங்கிக்கு ஓடத் திரும்பினேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். நான் ஓடுவதற்குள் டாக்டர் வந்து சார்ட்டைப் புரட்டினார்.

"அஞ்சு மணி வரைக்கும் நார்மலாத்தானே இருந்திருக்கு?"

சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். ஆறு மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை. அவர் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து அந்தக் கட்டத்தின் மேல் உட்கார்ந்தது.

"ஆமா டாக்டர்" என்றார். "திடீர்னுதான் எறங்குச்சு."

நான் ரத்தம் வாங்க ஓடினேன். டிரைவரை, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். அழுக்குத் துணி போடும் அறையில் சிஸ்டர் கை கழுவிக்கொண்டே அழுதார். நான் கதவருகே நின்றேன்.

"ஆறு மணி இன்னும் ஆகவே இல்ல பிரதர்."

"ஆமா."

"ஆமாவா? அவ்வளவுதானா?"

அவர் முழங்கையால் குழாயை மூடினார்.

"அந்த ஆறு மணியைக் கோடு போட்டு அடிச்சு, தப்பா எழுதினதுன்னு கையெழுத்துப் போடுங்க. போங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

போனேன். கோடு போட்டேன். மற்ற மூன்று கட்டங்களை அப்படியே விட்டேன். அடுத்த நாளிலிருந்து அழுத்தம் பார்க்க ஆரம்பித்தேன் என்று எழுத ஆசைதான். ஒன்பதாம் படுக்கைக்கு மட்டும் பார்த்தேன்.

அடுத்த வாரம் மேட்ரன் எங்கள் வார்டுப் பணியாளர்கள் ஏழு பேரையும் கூப்பிட்டார். அவர் மேசையில் ஆய்வின் முடிவுகள் இருந்தன, பணியாளர் எண்களோடு.

மேட்ரன் கெட்டவர் இல்லை. முப்பது வருடம் வார்டில் நின்றவர். கால் நரம்பு புடைத்து, காலுறை போட்டுக்கொண்டுதான் நடப்பார். யார் தாங்குவார், யார் உடைவார் என்று முன்கூட்டியே சொல்லும் காகிதம் கையில் கிடைத்ததும் அவருக்கு ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

"இது யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல" என்று ஆரம்பித்தார். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினார். "உனக்கு மனவலிமை ரொம்பக் கம்மியா வந்திருக்கும்மா. சோர்வு ஏழு பேர்ல உனக்குத்தான் அதிகம். சட்டுனு கலங்கற சுபாவம்னு போட்டிருக்கு. அது எனக்கு ஃபார்ம் இல்லாமலே தெரியும்."

ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

"ஒண்ணாந்தேதிலேருந்து ஸ்டீம் ரூமுக்குப் போயிடு. தண்டனைன்னு நினைக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஸ்டீம் ரூம் என்றால் கத்திரி, இடுக்கி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வைத்துச் சுத்தம் செய்யும் பிரிவு. அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே நோயாளி கிடையாது.

"மேடம், எனக்கு பேஷன்ட் வேணும்" என்றார் சிஸ்டர். "இடுக்கிகிட்ட போய் நான் என்ன பேசுவேன்?"

"அதுதாம்மா சொல்றேன். அங்க போய் நீ அழுதாலும் இடுக்கி பயப்படாது." மேட்ரன் கனிவாகத்தான் சொன்னார். "ஒன்பதாம் பெட்டுக்கு ஆபத்துன்னா உடனே அழுகை. இதோ இவரைப் பாரு. இத்தனை பேர்ல இவருக்குத்தான் மார்க் அதிகம். கல்யாணமாகி மூணு வருஷத்துல பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு. பன்னெண்டாம் நாள் டியூட்டில நின்னாரு. ஒரு நாள் கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல. கான்கிரீட் மாதிரி நிக்கிறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிஸ்டர் மட்டும் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லாமலிருக்க ஒரு காரணம் இருந்தது, நான்தான் அந்தக் காரணம். எனக்கு என்ன காரணம்? வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றிய நேரத்துக்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

கலையும்போது மேட்ரன் என் தோளைத் தொட்டார். அடுத்த மாதப் பயிற்சி வகுப்பில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். எப்படித் தாங்கினேன் என்று.

"சரி மேடம்" என்றேன்.

அன்று காது சுட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுட்டது. காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன். வெட்கம் என்று புரிய இரண்டு நாள் ஆனது. எட்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது.

மனைவி போன பிறகு அண்ணன் வீட்டு முன்னறையில் இருக்கிறேன். அண்ணி தையல் வேலை செய்பவர். மெஷின் அதே அறையில்தான். மூன்றாம் நாள் காலை பேச்சை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'நான் எப்படித் தாங்கினேன் என்றால்' என்று எழுதினேன். பத்து மணியாகியும் அதற்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

"என்ன தம்பி, பரீட்சையா?" என்றார் அண்ணி.

"ஆஸ்பத்திரில பேசச் சொல்லியிருக்காங்க அண்ணி. எப்படித் தாங்கினேன்னு."

"எதை?"

அண்ணி மெஷினை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது. இந்த வாரம் மூணு நாள் உங்களுக்கு மட்டும் உப்பில்லாமச் சமைச்சுப் போட்டேன்."

"ஏன்?"

"பாக்கலாம்னுதான். உங்க அண்ணன் 'அவன் தேறிட்டான், அவன் தேறிட்டான்'னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. தேறின மனுஷன் ஒரு வேளையாவது மூஞ்சியச் சுளிக்க மாட்டானா? நீங்க என்னடான்னா இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணின்னு கேட்டு வாங்கிச் சாப்பிடறீங்க."

நான் பேனாவை மூடினேன்.

"நாளைக்கு எவனாவது உங்களை 'சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா'ன்னு கேட்டா, நான் தலையக் குனிஞ்சுக்கணும்" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மெஷினை மிதித்தார்.

அண்ணிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கும் தெரியாது. என் மனைவி இறப்பதற்கு முன் ஒரு வாரம் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின்மண்டை இடிக்கிறது என்றாள். கணினி பார்க்கும் வேலை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். மாத்திரை கொடுத்தேன். அழுத்தம் பார்க்கும் கருவி அலமாரியில், துணிகளுக்கு மேல், பெட்டியோடு இருந்தது. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு தடவை நான் செய்யும் வேலை. அவளுக்கு ஒரு தடவை செய்யவில்லை. எட்டாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளைக்குள் ரத்தக் கசிவு. ஆம்புலன்ஸில் ஏற்றியதும் அழுத்தம் பார்த்தார்கள். அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இதை நான் தாங்கினேன் என்று யாராவது சொன்னால் அது பொய். நான் ஒன்றையும் தாங்கவில்லை. தூக்கவே இல்லை.

பேச்சு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்றரை மணிக்கு மேட்ரன் அறையில் இருந்தேன்.

"மேடம், ஒன்பதாம் பெட் சார்ட் நான் பாக்காம எழுதினது."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"கதவைச் சாத்துங்க. எதை?"

"மூணு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும். எல்லாத்தையும் மூணு மணிக்கே எழுதிட்டேன். சிஸ்டர் போய்ப் பாக்கலேன்னா அவர் செத்திருப்பாரு."

"அன்னைக்கு மட்டுமா?"

"இல்ல மேடம். ரொம்ப நாளா. எல்லா பெட்டுக்கும்."

"எவ்வளவு நாளா?"

"தெரியல."

"தெரியலையா?" அவர் குரல் உயர்ந்தது. பிறகு தானே தணித்துக்கொண்டார். "அப்ப அந்த ஃபார்ம்?"

"அதுவும் அப்படித்தான். நார்மல்னா என்ன வரணும்னு தெரியும். அதை எழுதிக் கொடுத்துட்டேன்."

தலைவலியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அது காரணமாகிவிடும். அவர் உடனே இரக்கப்பட்டிருப்பார்.

மேட்ரன் மேசைமேல் இருந்த அழைப்பு மணியை ஓரமாகத் தள்ளினார். "மேல அனுப்பிட்டேனே தம்பி" என்றார். "முன்மாதிரிச் செவிலியர்னு உங்க பேரப் போட்டு அனுப்பிட்டேனே. அந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும் வச்சு உங்களோட ஒப்பிட்டுப் பேசினேனே. அப்ப வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

நான் நின்றேன். கொஞ்சம் லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னால் லேசாகும் என்பார்களே, அது. சிஸ்டருக்காகச் செய்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

மேட்ரன் பதிவேட்டு அறைக்குப் போன் செய்து டிரைவரின் சார்ட்டை வரவழைத்தார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். டாக்டரின் குறிப்புக்கு வந்ததும் விரல் நின்றது.

"'ஐந்து மணி வரை இயல்பு, பிறகு திடீர்ச் சரிவு எனப் பணியிலிருந்த செவிலியர் தெரிவித்தார்.' எந்தச் செவிலியர்? நீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலிருந்து இங்கே வந்து சேரும்வரை, என்ன சொல்வது, எப்படி நிற்பது என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் பார்க்காமலேயே எழுதிவிட்டேன்.

"நான்தான் மேடம்" என்றேன்.

"நீங்க ரத்தம் வாங்க ஓடினீங்கன்னு இதுலயே நேரம் போட்டு எழுதியிருக்கு. பொய் சொல்லக்கூட வரலையே உங்களுக்கு." மணியை அடித்து, எட்டிப் பார்த்த ஆயாவிடம் சிஸ்டரின் பெயரைச் சொன்னார். "அவளைக் கூப்பிடுங்க."

சிஸ்டர் ஈரக் கையை உடையில் துடைத்தபடி வந்தார். என்னைப் பார்த்தார், மேசைமேல் விரிந்திருந்த சார்ட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட திடீர்னு எறங்குச்சுன்னு சொன்னியா?"

"சொன்னேன் மேடம்."

"இவர் பாக்கவே இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பொய் சொன்னியா? ஏம்மா?"

சிஸ்டர் சார்ட்டை மூடினார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அஞ்சு மாசமாத் தெரியும் மேடம்" என்றார். "ஒரு நாள் ஏழாம் பெட் அம்மா, 'அந்தத் தம்பி வரவே இல்லியே, எழுதிட்டுப் போறாரே'ன்னாங்க. நான் போய்ப் பாத்தேன். சார்ட்ல இருக்கறது வேற, கைல இருக்கறது வேற. அன்னைலேருந்து அவர் பக்கத்து பன்னெண்டு பெட்டையும் நானே பாத்துடறேன். என் பக்கம் முடிச்சுட்டு."

"தினமுமா?"

"தினமும். பேசற மாதிரி போயிடுவேன். ரெண்டு தடவை அளவு தப்பா இருந்துச்சு, டாக்டர்கிட்ட சொல்லி மருந்தை மாத்த வச்சேன். ஒன்பதாம் பெட்டுக்கு மணிக்கொரு தடவை பாக்கணும்னு எனக்குத் தெரியாது. அது என் பெட் இல்ல. அஞ்சே காலுக்குத்தான் என் ரவுண்டு முடிஞ்சுது."

மேட்ரன் ஆய்வு முடிவுத் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். சிஸ்டரின் எண்ணுக்கு நேரே எதையோ பார்த்தார். சோர்வு, ஏழு பேரில் அதிகம். அதில் பாதி என்னுடையது.



"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க. வீட்டுல போய் இவர் என்ன பண்ணுவாரு? நாளைக்குச் சரியாயிடுவாருன்னு நினைச்சேன் மேடம். தினமும் நாளைக்குன்னுதான் நினைச்சேன்." இப்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. "அதுக்குள்ள ஒரு மனுஷன் சாகப் பாத்தான். தப்புத்தான்."

மேட்ரன் எழுந்து ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார். முடிவு சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. நாளை முதல் நான் வார்டில் இல்லை. மேலதிகாரிக்கு எழுதுவார், விசாரணை வரும், அதுவரை ஸ்டீம் ரூம். மருத்துவமனையின் மனநல டாக்டரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சிஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம், கோப்பில் சேரும். அவரை மாற்றும் உத்தரவு ரத்து.

"உன்னைப் புரிஞ்சுக்கிட்டதால ரத்துன்னு நினைக்காத" என்றார் மேட்ரன். "இவரும் போயிட்டா அங்க ஆளில்ல. புதுசா ஆள் வர்ற வரைக்கும் எப்படிச் சமாளிப்பியோ." பிறகு, யாரையும் பார்க்காமல், "அந்த ஃபார்ம்ல இதையெல்லாம் கேக்கவே இல்லையே" என்றார்.

மணி இரண்டாகப் பத்து நிமிடம். அன்றைக்கு மாற்று ஆள் கிடையாது. அந்த ஷிப்டை நானே முடிக்க வேண்டும் என்றார். "நீ கூட நின்னு பாத்துக்கோ" என்று சிஸ்டரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

வராந்தாவில் சிஸ்டர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். மருந்து அறை வாசலில் நின்று திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"தோணல சிஸ்டர்."

"தோணாது. உங்களுக்கு என்னதான் தோணும்? பத்து வருஷ சர்வீஸ்ல என் ஃபைல் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப என் மாமியார்கிட்ட என்ன சொல்றது? வார்னிங் லெட்டர் வாங்கிட்டு வந்திருக்கேன் அத்தை, சட்டம் போட்டு மாட்டுங்கன்னா?"

"மன்னிச்சிடுங்க."

"அதை அப்புறம் பாக்கலாம்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "கோவத்துல வந்தாக்கூட இந்தக் கண்ணுல தண்ணிதான் வருது. நீங்க பாட்டுக்கு ஃபீலிங்குன்னு நினைச்சுக்காதீங்க. செம கோவத்துல இருக்கேன்."

"தெரியுது."

"நல்ல வேளை, இதாவது தெரியுதே."

மருந்து அறையிலிருந்து அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து என் கையில் திணித்தார்.

ஒன்றாம் படுக்கையில் வயதான ஒருவர். சர்க்கரை நோய், காலில் புண். நான் பட்டையை விரித்தபோது வியப்பாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு நீங்களே பாக்கறீங்க? அந்த அம்மா லீவா?"

"இல்லீங்க. பின்னாடி வர்றாங்க."

அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு படுக்கைக்கும் தெரிந்திருக்கும். மேட்ரனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். என்னையும் தவிர.

கையில் பட்டையைச் சுற்றினேன். சரியாக உட்காரவில்லை, இரண்டாம் தடவை சுற்ற வேண்டியிருந்தது. காற்றடித்து, மெதுவாகத் திறந்துவிட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது, டப், டப் என்று, யாரோ பக்கத்து அறையில் நடப்பதுபோல. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது. அது மங்கி நிற்கும்வரை கேட்டேன். நூற்று நாற்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு. நேற்று நான் நூற்றிருபது, எண்பது என்று எழுதியிருந்தேன்.

இன்றைய எண்ணை எழுதினேன். இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தன. யார் பார்த்தாலும் தெரியும்.

சிஸ்டர் வந்தார். சார்ட்டைப் பார்க்காமல், பெரியவரின் மறு கையில் தானே பட்டையைச் சுற்றினார். நான் கட்டில் கால் பக்கம் நின்றேன். என் முன்னாலேயே, ஒளிக்காமல், பேச்சுக் கொடுக்காமல் பார்த்தார். பிறகு சார்ட்டுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

நூற்று நாற்பத்து நான்கு, தொண்ணூறு என்றார். என் எண்ணைப் பார்த்தார். நேற்றைய எண்ணையும் பார்த்தார். சார்ட்டை மாட்டிவிட்டு இரண்டாம் படுக்கையைக் காட்டினார்.

"போங்க. நான் வரேன்."

போனேன். பன்னிரண்டு படுக்கைக்கும் அவர் எனக்குப் பின்னால் வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் கட்டில் கால் பக்கம் நின்று காத்திருந்தேன்.